முதுகண்

குடவோலை முறையைப் பாடம் நடத்துவது எனக்கு எப்போதுமே பிடிக்கும். அகநானூற்றின் 77ஆம் பாட்டிலிருந்துதான் தொடங்குவேன். பாலை வழியில் செத்துக் கிடப்பவனின் குடலைக் கழுகு உருவி எடுக்கிறது. கயிறு கட்டி முத்திரையிட்ட குடத்திலிருந்து அலுவலர்கள் ஓலையை வெளியே எடுப்பதைப்போல என்கிறார் மருதன் இளநாகனார். தேர்தலுக்கு இவ்வளவு கோரமான உவமை வேறெங்கும் உண்டா என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உத்திரமேரூருக்குப் போய்விடுவேன். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள், 30 குடும்புகள், 360 நாள் பதவி. கடைசியில் ‘ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம்...’ என்று இழுப்பேன். மீதியை மாணவிகளே முடித்துவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

“மேடம், அந்தக் குடத்துல எங்க ஆயா பேரு எழுதிப் போட்டிருப்பாங்களா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. “அந்தக் காலத்துல அப்படித்தாம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அந்தப் பதில் பல நாள் என்னை உறுத்தியது. ‘அந்தக் காலம்’ என்பது ஒரு ஆள் போலவும், எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்பது போலவும் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டது காலத்தைப் பற்றி அல்ல, குடத்தைப் பற்றி. அதற்குள் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை, இல்லாததற்கு என்ன காரணம் சொல்லப்பட்டது? இதைப் பார்ப்பதற்காகவே கல்வெட்டின் வாசகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

பெயர் எழுதப்படக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்திருக்கக் கூடாது. அது பிராமணர்களின் ஊர்; நிலமில்லாதவருக்கும் பிற சாதியாருக்கும் முதல் வரியிலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது. பிறகு நீண்ட விலக்குப் பட்டியல் வருகிறது. கணக்குக் காட்டாதவன், பிறர் பொருளைத் திருடியவன், பொய் ஆவணம் எழுதியவன், உண்ணக் கூடாததை உண்டவன். கழுதை மேல் ஏறியவன்கூட இருக்கிறான்.

அந்தப் பட்டியலில் ‘பெண்’ என்ற சொல் இல்லை.

முதலில் எனக்கு அது நல்ல செய்தி போலத் தோன்றியது. விலக்கவில்லையே! இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. ஒருவரை விலக்க வேண்டுமானால், அவர் வந்துவிடக்கூடும் என்று ஒரு கணமாவது நினைத்துப் பார்க்க வேண்டும். கழுதை ஏறியவன் வந்து நிற்கக்கூடும் என்று சபை நினைத்துப் பார்த்திருக்கிறது. பெண் வந்து நிற்கக்கூடும் என்று அது நினைக்கவே இல்லை.

ஆனால் பெண்கள் அந்தக் கல்வெட்டில் இல்லாமலும் இல்லை. கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரும் தகுதி இழக்கிறார்கள். யார் அந்த உறவினர்? தாயின் அக்கா தங்கை பெற்ற மகன்கள், அத்தை மகன்கள், தாயோடு பிறந்தவன், மனைவியோடு பிறந்தவன், சகோதரியை மணந்தவன், சகோதரியின் மகன்கள், மகளை மணந்தவன். ஓலையில் ஏறக்கூடியவர்கள், ஏறாமல் தடுக்கப்படுபவர்கள் எல்லோரும் ஆண்கள். அந்த ஆண்களை ஒருவரோடு ஒருவர் முடிச்சுப் போடும் நூலாகத்தான் அம்மாவும் அத்தையும் மனைவியும் மகளும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறார்கள். பெயர் இல்லை, உறவு மட்டும் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் யார் யாருக்கு உறவு என்பதே சபைக்குத் தெரியாது. அந்த அளவுக்கு அவர்கள் தேவை.

இதைப் படித்த கையோடு கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்தைப் பற்றியும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மக்களாட்சி பிறந்த இடம் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்த ஊராயிற்றே. உத்திரமேரூரைப் பெருமையாகப் பேசும் எல்லோரும் ‘ஏதென்ஸைப் போல’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஒப்புமை உண்மைதான், அவர்கள் நினைக்கும் காரணத்துக்காக மட்டும் அல்ல.

கி.மு. 508-507இல் கிளைஸ்தனிஸ் என்பவர் ஏதென்ஸின் குடிகளைப் பழைய குலங்களிலிருந்து பிரித்துப் பத்துப் புதிய பிரிவுகளாக மாற்றி அமைத்தார். அடிப்படை அலகு ஊர். அப்படி 139 ஊர்கள் இருந்தன. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் 50 பேராக 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபை. பின்னாளில் அந்த 500 பேரையும் பெரும்பாலான அலுவலர்களையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். நம் ஊரில் குடமும் ஓலையும். அங்கே துளைகள் வரிசையாக வெட்டிய கற்பலகையும், பெயர் பொறித்த வெண்கலத் தகடும். உத்திரமேரூரில் குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே சந்தேகம்: அதிகாரம் மனிதனின் கைக்குள் போனால் ஒட்டிக்கொள்ளும். அதனால் தற்செயலிடம் கொடு, குறுகிய காலத்துக்குக் கொடு, முடிந்ததும் கணக்குக் கேள். இந்தச் சந்தேகத்தை நான் இன்றும் மதிக்கிறேன். தேர்தலுக்கு எத்தனை கோடி செலவானது என்று பேசும் நாட்டில் இருந்துகொண்டு, அந்தச் சிறுவனின் கையைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் பினிக்ஸ் குன்றில் கூடிய ஏதென்ஸ் மக்கள் சபையில் அடிமைகள் இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் இல்லை, பெண்கள் இல்லை. இதை எல்லாப் பாடநூலும் ஒரு வரியில் ‘குறை’ என்று எழுதிவிட்டுப் போகும். குறை என்றால் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று பொருள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கி.மு. 451-450இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். தந்தை மட்டும் ஏதென்ஸ்காரராக இருந்தால் போதாது, தாயும் ஏதென்ஸ் குடியில் பிறந்தவளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். சட்டென்று பார்த்தால் தாய்க்கு ஒரு மதிப்பு வந்துவிட்டதுபோல இருக்கிறது. அவள் வயிறு குடிமக்களைத் தருகிறது, ஆனால் அவள் சபையில் ஏற முடியாது. உத்திரமேரூரில் பார்த்த அதே நூல். அங்கே தகுதியை இழக்கவைக்கும் நூல், இங்கே தகுதியைக் கொடுக்கும் நூல். இரண்டிலும் முடிச்சு ஆண்களுக்கு இடையில்தான்.

இந்தச் சட்டம் அதை எழுதியவரையே பின்னால் கடித்தது என்பது தனிக் கதை. பெரிக்கிளிஸோடு வாழ்ந்த அஸ்பாசியா மிலேட்டஸ் நகரத்துப் பெண். அவளுக்குப் பிறந்த மகன் அந்தச் சட்டப்படி குடிமகன் ஆக முடியாது. சட்டபூர்வ மகன்கள் இருவரும் கொள்ளைநோயில் இறந்த பிறகு, பெரிக்கிளிஸ் மக்களிடம் விலக்குக் கேட்டு அந்த மகனைக் குடிமகன் ஆக்க வேண்டியிருந்தது. அஸ்பாசியாவை யாரும் எதுவும் ஆக்கவில்லை.

ஏதென்ஸ் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு ‘கீரியோஸ்’ உண்டு. காப்பாளர். தந்தை, பிறகு கணவன், இல்லாவிட்டால் அண்ணன் அல்லது மகன். ஒரு மெடிம்னோஸ், அதாவது சுமார் 50 லிட்டர் வாற்கோதுமையின் மதிப்புக்கு மேல் அவள் தன் பேரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. நீதிமன்றத்தில் அவளுக்காக அவர் பேசுவார். மதிப்புக்குரிய பெண் உயிரோடு இருக்கும்போது அவள் பெயரை நீதிமன்றத்தில் உச்சரிக்காமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே வழக்குரைகள் பெரும்பாலும் சொல்கின்றன. பெயர் சொல்லிவிட்டால் அவளை இழிவு செய்ததாக ஆகிவிடும். ஈசேயஸ் எழுதிய ஒரு சொத்து வழக்குரையில் ஒரு விவரம் தற்செயலாக வருகிறது. தெஸ்மொஃபோரியா என்பது பெண்கள் மட்டும் கூடும் விழா. அதைத் தலைமையேற்று நடத்த ஒரு ஊரின் மனைவிமார் கூடி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவள் மகன் சொல்கிறான். எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரத் தோன்றியது. பெண்கள் கூடியிருக்கிறார்கள், தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! அது எப்படி நடந்தது, யார் எதிர்த்தார்கள், யார் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்று எதுவும் இல்லை. மகன் அதைச் சொல்வதே, தன் தாய் முறையான மணத்தில் பிறந்த மகள், எனவே சொத்து தனக்கு வர வேண்டும் என்று காட்டுவதற்குத்தான். அந்தத் தாயின் பெயரும் அதில் இல்லை.

அரிஸ்டாட்டில் இதற்கெல்லாம் ஒரு தத்துவ விளக்கம் கொடுத்தார். அடிமைக்கு ஆலோசிக்கும் திறன் அறவே இல்லை. பெண்ணுக்கு உண்டு, ஆனால் அது அதிகாரமற்றது. அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல் ‘அகீரோன்’. ‘கீரியோஸ்’ என்ற காப்பாளர் சொல்லின் அதே வேரிலிருந்து வந்த எதிர்ச்சொல். அவள் யோசிப்பாள், ஆனால் அவள் யோசனை செல்லாது. ஏன் செல்லாது என்று கேட்டால், செல்லுபடியாக்கும் ஆள் வேறு ஒருவர். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. அறிவில் குறை இருக்கிறதா, கேட்கிறவர் காதில் குறை இருக்கிறதா என்று அரிஸ்டாட்டில் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நம் கல்வெட்டுகளில் வரும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது: முதுகண். சோழர் காலத்தில் பெண்களுக்கு நிலம் இருந்திருக்கிறது. விற்றிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள், கோயிலில் விளக்கெரிக்க ஆடும் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள். ‘அந்தக் காலத்துல அப்படித்தான்’ என்று நான் சொன்னது எவ்வளவு சோம்பேறித்தனமான பதில் என்பது இங்கே தெரிந்தது. சொத்து இல்லாததால்தான் சபைக்கு வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெண்ணின் சில நிலப் பரிமாற்றங்களில் அவளுக்காக ஒரு ஆண் நிற்கிறான். கணவனோ சகோதரனோ மகனோ. அவன்தான் அவளுடைய முதுகண். அழகான சொல், அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. அவளுக்குக் கண் இருக்கிறது. ஆவணத்துக்கு இன்னொரு மூத்த கண் வேண்டும். கீரியோஸுக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் கிடைக்காது.

இதையெல்லாம் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். பெருமிதமாகக்கூட இருந்தது. அந்த மாணவிக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வருடம் எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஜவ்வாது மலையில். போளூரிலிருந்து பேருந்தில் வளைந்து வளைந்து ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டியில் போகும் ஒரு சிற்றூர். மலையாளிப் பழங்குடி மக்கள். சாமை, கொஞ்சம் கேழ்வரகு, பலா, புளி, தேன். முகாம் நாட்களுக்குள் அக்டோபர் 2 வந்தது. கிராம சபை. உத்திரமேரூரின் ‘சபை’ என்ற அதே சொல்லை இங்கே அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர். குலுக்கலும் வேண்டாம், கால் வேலி நிலமும் வேண்டாம். என் மாணவியின் ஆயாவும் உறுப்பினர். இதைவிட வேறென்ன வேண்டும் என்ற பூரிப்போடுதான் போய் உட்கார்ந்தேன்.

ஊராட்சித் தலைவர் ஒரு பெண். 73ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்கள் இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016இல் பாதியாக உயர்த்தியது. பெயர்ப் பலகையில் அந்தப் பெண்ணின் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. கீழே இருந்த கைப்பேசி எண் அவர் கணவருடையது. கூட்டத்தில் நடு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் கணவர். எல்லோரும் ‘தலைவரே’ என்று கூப்பிட்டது கணவரை. வரவு செலவு படித்ததும், கேள்விக்குப் பதில் சொன்னதும் அவர்தான். தலைவர் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த மாணவியின் காதில் “முதுகண்” என்று மெதுவாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். எங்களுக்குள் ஒரு ரகசியம் போல இருந்தது அது.

அன்றைக்குப் பேச்சு ஒரு மெஷின் கொட்டாயைப் பற்றி. சாமையை உமி நீக்குகிற இயந்திரம் ஒன்று வரப்போகிறது, எங்கே வைப்பது? சாமையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பொடி தானியம், உமி லேசில் விடாது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்குள் தோள் இற்றுப்போகும். குத்துவது பெண்கள். ஆண்கள் ரோட்டோரம் வைக்கலாம் என்றார்கள், வியாபாரி வண்டி வந்து நிற்க வசதி. பெண்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள்.

நான் எழுந்தேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குத்துகிறவர்கள் பெண்கள், தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் பெண்கள், எனவே வீடுகளுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் நியாயம், பெண்களின் விருப்பமும் அதுதான் என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். கல்லூரி மேடம் சொல்வதால் எல்லோரும் தலையாட்டினார்கள். வீடுகளுக்குப் பக்கத்தில் என்று தீர்மானம் எழுதினார்கள். மாணவிகள் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஒரு கிழவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மலையில் பெரியவர்கள் யாரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார்கள். கலெக்டரையும் அப்படித்தான் பேசுவார்கள் என்று மாணவி முன்பே சொல்லியிருந்தாள்.

“நல்லாத்தான் பேசின டீச்சரு. யாரைக் கேட்டுட்டுப் பேசின?”

“பொம்பளைங்களுக்குத்தானே ஆயா கஷ்டம்...”

“எந்தப் பொம்பளைக்கு?” என்றாள். தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒருத்தியைக் காட்டினாள். புருசன் செத்தவள். வயசானவர்கள், உடம்பு முடியாதவர்கள் வீட்டுச் சாமையை வாங்கிக் குத்திக் கொடுத்து, அதில் கிடைக்கும் பங்கு தானியத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறாள். “மெஷினு ரோட்டாண்ட இருந்தா, நடக்க மாட்டாதவங்க அவகிட்டதான் குடுப்பாங்க. வூட்டாண்ட வந்துட்டா அவ எங்க போவா? அவளும் பொம்பளதான?”

“அப்ப ரோட்டோரம் வைக்கலாம்னு சொல்றீங்களா?”

“நான் அத்த சொல்லல. எனக்கு வூட்டாண்ட வேணும், தோளு போச்சு. அவளுக்கு வேணாம். நாங்க அடிச்சுக்கினு பேசியிருப்போம். நீ முன்னாடி பேசிட்ட.”

மாணவி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன் அவள் காதில் நான் சொன்ன சொல் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது.

அன்றிரவு முகாமில் தூக்கம் வரவில்லை. கல்வெட்டு, ஏதென்ஸ், அரிஸ்டாட்டில் எல்லாம் படித்துவிட்டு, பெண்ணுக்காகப் பேச ஒரு ஆண் எழுந்து நிற்பதுதான் அநீதி என்று மட்டும் நினைத்திருக்கிறேன். எழுந்து நிற்பது படித்த பெண்ணாக இருந்தால் அது தோழமை என்று வைத்துக்கொண்டேன். நான் வைத்த வாதம் தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. ‘பெண்களின் விருப்பம்’ என்று ஒருமையில் சொன்னேனே, அதுதான் தவறு. அந்த ஒருமைக்குள் அந்த விதவையின் உலக்கை இல்லை.

கிரேக்கர்கள் சொன்ன ஒரு கதையை அப்போது வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன். ரோமானிய அறிஞர் வார்ரோ சொன்னதாக அகஸ்டின் எழுதிவைத்த கதை. ஏதென்ஸின் முதல் அரசன் கேக்ரோப்ஸ் காலத்தில் ஒரு ஒலிவ மரமும் ஒரு நீரூற்றும் திடீரென்று தோன்றின. ஒன்று அதீனாவின் அடையாளம், இன்னொன்று கடல் தெய்வம் பொசைடனுடையது. நகரத்துக்கு யார் பெயரை வைப்பது என்று வாக்கெடுப்பு நடந்தது. அந்தக் காலத்தில் பெண்களுக்கும் வாக்கு இருந்ததாம். ஆண்கள் எல்லோரும் பொசைடனுக்கு, பெண்கள் எல்லோரும் அதீனாவுக்கு. பெண்கள் ஒரே ஒரு ஆள் அதிகம்; அதீனா வென்றாள். பொசைடன் கடலைப் பொங்கவிட்டு நாட்டை நாசமாக்கினான். அவனைத் தணிக்கப் பெண்களுக்கு மூன்று தண்டனைகள் விதிக்கப்பட்டன. இனி வாக்கு இல்லை. பிள்ளைகள் தாயின் பெயரைத் தாங்கக் கூடாது. பெண்கள் ‘ஏதென்ஸ்காரிகள்’ என்று அழைக்கப்படக் கூடாது.

பெண்ணிய வகுப்புகளில் இந்தக் கதை பிரபலம், அதற்குக் காரணமும் உண்டு. வாக்கும் தாயின் பெயரும் ஒரே நாளில் போயின என்பதைக் கேட்டால், அப்பாவின் முதலெழுத்தைச் சுமந்துகொண்டிருக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் உடனே தன் பள்ளிச் சான்றிதழ் நினைவுக்கு வரும். (அம்மாவின் முதலெழுத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள், எனக்கு அந்தத் தைரியம் நாற்பது வயதில்தான் வந்தது, அதுவும் கவிதைப் புத்தக அட்டையில் மட்டும்.) ஆனால் மலையிலிருந்து வந்த பிறகு இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு. எல்லாப் பெண்களும் ஒரே பக்கம் வாக்களித்தார்களாம்! ஒருத்திகூடவா பொசைடனுக்குப் போடவில்லை? மீனவன் மனைவி? கடலில் மகனை அனுப்பியவள்? கதை சொன்ன ஆணின் கற்பனைக்குப் பெண்கள் என்றால் ஒரே கட்டு. அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 391ஐ ஒட்டி எழுதிய நாடகத்திலும் பெண்கள் பொய்த்தாடி கட்டிக்கொண்டு, புருசன்மாரின் மேலாடையைப் போட்டுக்கொண்டு விடிவதற்கு முன்பே சபைக்குப் போய் உட்கார்ந்து, ஒரே குரலில் வாக்களித்து அதிகாரத்தைப் பிடிக்கிறார்கள். சபை நிறைந்த ஆண்கள் சிரிக்க எழுதிய நாடகம் அது. ஆண்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்வதற்குத்தான் சபை கட்டினார்கள். கருத்து வேறுபாடு அங்கே குடிமகனின் பெருமை. பெண்களுக்குள் வேறுபாடு வந்தால் அதற்குக் குழாயடிச் சண்டை என்று பெயர்.

எனவே சபைக்கு வெளியே பெண்ணை நிறுத்தியபோது அவள் இழந்தது குரலை மட்டும் அல்ல. இன்னொரு பெண்ணோடு எல்லோர் முன்னிலையிலும் முரண்படும் உரிமையையும் இழந்தாள். தோற்கும் உரிமையையும். உள்ளே வரும்போது ‘பெண்கள்’ என்று ஒரு மொத்தமாக வந்தால், அவளுக்காகப் பேச யாரோ ஒருவர் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பார். அது கணவரோ, கட்சியோ, என்னைப் போன்ற ஒருத்தியோ. என் தோழி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளவில்லை. “முதல்ல உள்ள வரட்டும், அப்புறம் சண்டை போட்டுக்கலாம், இப்பவே பிரிஞ்சா ஆம்பளைங்களுக்குத்தான் லாபம்” என்கிறாள். அவள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997இல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. ஒற்றுமை இங்கே அலங்காரம் அல்ல, உயிர்ப் பாதுகாப்பு. ஆனாலும் அந்த விதவையிடம் போய் ‘ஒற்றுமைக்காக உன் உலக்கையை விட்டுக்கொடு’ என்று சொல்ல என் தோழிக்கும் வாய் வராது, எனக்கும் வராது.

பெயரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியவில்லை. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது; சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். சுதந்திர இந்தியா எல்லோருக்கும் கொடுத்தது. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல். பட்டியல் எடுக்கப் போனபோது வட மாநிலங்களில் பெருந்தொகையான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள், இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே சொன்னார்கள். அப்படிப் பதிவானவற்றை ஏற்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கொடுமையான முடிவு என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உத்திரமேரூரின் கல்லும் ஏதென்ஸின் வழக்குரையும் பெண்ணை எப்படி எழுதினவோ, அப்படியே இன்னொரு முறை எழுத மாட்டேன் என்று ஒரு அதிகாரி பேனாவை நிறுத்தியிருக்கிறார். அதற்கான விலையை அந்த 28 லட்சம் பேர் கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

அடுத்த கிராம சபை ஜனவரி 26இல். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாணவியின் வீட்டுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு, அவளோடு போய்ப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெஷின் கொட்டாய் பேச்சு மறுபடி வந்தது. அந்தக் கிழவிதான் ஆரம்பித்தாள். போன தடவை எழுதினதை நான் ஒத்துக்கல, ஆனா கொட்டாய் வீட்டாண்டதான் வேணும் என்றாள். இரண்டும் எப்படி என்று செயலர் குழம்பினார். விதவைப் பெண் எழுந்து, வேண்டாம், ரோட்டாண்ட இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு உட்காரப் போனவள், மறுபடி நிமிர்ந்து, கூலி எவ்வளவு வாங்குகிறாள், மெஷினுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கு சொல்ல ஆரம்பித்தாள். இன்னொருத்தி குறுக்கே வந்து, உனக்காக ஊரே தோள் வலியோட சாகணுமா என்றாள். சத்தம் ஏறியது. தலைவரின் கணவர் கையை உயர்த்தி, “பொம்பளைங்க சண்டைய வூட்ல வச்சுக்குங்க” என்றார்.

தலைவர் அவரைப் பார்க்கவில்லை. “இரு, அது இன்னும் முடிக்கல” என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. கொஞ்சம் கரகரத்த குரல்.

அரை மணி நேரம் போனது. மெஷினை வீட்டுப் பக்கம் வைத்து அதை ஓட்டும் வேலையை அந்த விதவைக்கே கொடுத்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். அவளுக்கு மெஷின் பயம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்று அவளே மறுத்தாள். முடிவு வரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்று செயலர் கேட்டார். “ரெண்டு பேரு சொன்னதையும் எழுது” என்றார் தலைவர். ஒரே வரிதானே இருக்கிறது என்றார் அவர். பிறகு ஓரத்தில் கோடு போட்டுப் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினார்.

“பேரு?” என்று விதவையிடம் கேட்டார். அவள் இறந்துபோன கணவனின் பெயரைச் சொன்னாள். செயலர் எழுதப் போனார்.

“அது செத்தவன் பேரு, அவ பேரைக் கேளு” என்றாள் கிழவி, இன்னும் கோபம் ஆறாமல்.

கொட்டாய் இன்னும் கட்டவில்லை.